நுளம்புக்கு எத்தனை செட்டை?

"மிஸ், நுளம்புக்கு எத்தினை செட்டை?"

2017 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கொட்டாஞ்சேனையில் ஓர் அறை வாசலில் வைத்து என்னிடம் இதைக் கேட்டவனுக்கு அப்போது பதினொரு வயது. ஆறாம் வகுப்பு மாணவன். அவனுடைய அம்மாவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. தையல் வேலை செய்து பிழைப்பவர் என்பதால் தையல் அக்கா என்றே சொல்லிக்கொள்கிறேன். சொந்த ஊர் முல்லைத்தீவுப் பக்கம். அன்று நான் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரங்களோடும், வீட்டுக்கு வீடு நிரப்பவேண்டிய படிவங்களோடும் போயிருந்தேன். டெங்குக் காய்ச்சல் கொழும்பை ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்த நேரம்.

"நாலு" என்றேன். வண்ணத்துப்பூச்சிக்கு நாலு, தும்பிக்கு நாலு, ஆகவே நுளம்புக்கும் நாலுதானே என்பது என் கணக்கு.

பொடியன் சிரித்துவிட்டான். அப்பியாசக் கொப்பியைத் திறந்து காட்டினான். பின்பக்கத்தில் அடிபட்ட நுளம்பு ஒன்று காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டமும் போட்டிருந்தான்.

"ரெண்டுதான் மிஸ். எண்ணிப் பாருங்கோ."

எண்ணிப் பார்த்தேன். இரண்டுதான். நுளம்பைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டவளுக்கு நுளம்பின் சிறகை எண்ணத் தெரியவில்லை. நான் படித்தது சமூகவியல். சாதாரண தரத்தோடு விஞ்ஞானத்துக்குக் கும்பிடு போட்டவள். அன்றிரவு வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்து தேடிப் படித்த பிறகுதான், அந்தப் பொடியன் எண்ணியது சாதாரணமான விடயம் அல்ல என்பது எனக்கு விளங்கியது. ஒரு பெரிய பூச்சிக் கூட்டத்துக்கே அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பெயர் டிப்டெரா. கிரேக்கச் சொல். 'டி' என்றால் இரண்டு, 'டெரோன்' என்றால் சிறகு. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே அரிஸ்டோட்டில் இந்தப் பெயரைக் கையாண்டிருக்கிறார். பின்னர் 1758 இல் சுவீடன் நாட்டு லின்னேயசு உயிரினங்களை வகைப்படுத்தியபோது அதே பெயரை ஒரு வரிசைக்குச் சூட்டினார். தமிழில் இருசிறகிகள் எனலாம். நுளம்பு, இலையான், மணல் ஈ, மாம்பழத்தைச் சுற்றும் பழ ஈ எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். தேனீ பெயரில் ஈ இருந்தாலும் இதில் சேராது. அதற்கு நான்கு சிறகு. மழைக்குப் புறப்படும் ஈசலுக்கும் நான்கு. இதுவரை அறிவியலாளர் பெயரிட்டுள்ள இருசிறகிகள் மாத்திரம் ஒன்றரை இலட்சம் இனங்களுக்கு மேல். அவற்றில் நம்மைக் கடிப்பவை கொஞ்சம்தான். பூக்களில் மகரந்தம் சேர்ப்பவை எத்தனையோ உண்டு. பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும் சொக்கிலேற்றுக்கான கொக்கோ காய்ப்பதே கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சின்ன இருசிறகியால்தான்.

சரி, சிறகுள்ள மற்றப் பூச்சிகள் பலவற்றுக்கும் நான்கு இருக்க, இவற்றின் மற்ற இரண்டும் எங்கே போயின? அவை இல்லாமல் போகவில்லை. பின்சிறகுகள் இரண்டும் சுருங்கி, குண்டூசி போல இரண்டு சின்னக் குமிழ்களாக மாறியிருக்கின்றன. இலையானின் சிறகைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் தெரியும். பறக்கும்போது இந்தக் குமிழ்களும் சிறகோடு சேர்ந்து அதே வேகத்தில் அடித்துக்கொள்கின்றன. உடம்பு ஒரு பக்கம் சரிந்தால் முதலில் உணர்வது இவைதான். முந்நூறு வருடங்களுக்கு முன்னர் டெர்ஹாம் என்ற ஆங்கிலப் பாதிரியார் இவற்றை வெட்டிப் பார்த்தார். குமிழை இழந்த பூச்சிக்குச் சிறகு இருந்தும் நேராகப் பறக்க முடியவில்லை.

இதைப் படித்த அன்றே, நமது பெண்கள் கூட்டத்தில் சொல்வதற்கு நல்ல உவமை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். இழந்த சிறகே சமநிலை தருகிறது, அதுபோல நாமும்... என்று ஒரு பேச்சே எழுதி வைத்துக்கொண்டேன். அந்தப் பேச்சுக்கு என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உங்களில் பலருக்குத் தெரிந்த ஒரு சொல்லை இங்கே ஞாபகப்படுத்த வேண்டும். ஹெலியை வன்னியில் நாம் உலங்கு வானூர்தி என்று வாசித்தோம், எழுதினோம். உலங்கு என்பது என்ன என்று அந்நாட்களில் நான் கேட்டதில்லை. சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் ஓடுகிறவள் சொல்லுக்குப் பொருள் தேடுவாளா? பழைய தமிழில் உலங்கு என்றால் ஒருவகைக் கொசு. கொசு என்பது இந்தியத் தமிழர் வாயிலும் நுளம்பு என்பது நம் வாயிலும் நிலைத்துவிட, உலங்கு மட்டும் அகராதிக்குள் கிடந்தது. யாரோ ஒருவர் அதைத் தூசு தட்டி எடுத்து வானத்தில் பறக்க விட்டிருக்கிறார்.

போர்க்காலத்து வாழ்க்கையில் இந்த இருசிறகிகளுக்கும் நமக்கும் பழக்கம் அதிகம். 2009 இல் நானும் அம்மாவும் செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்தோம். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அடைத்து வைத்திருந்த அந்தக் காட்டு வெளியில் எனக்கு இன்றும் கண்முன் நிற்பது கம்பி வேலி அல்ல, இலையான். சோற்றுக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் சோறு கறுத்துவிடும். ஒரு கையால் விசிறிக்கொண்டு மறு கையால் சாப்பிடப் பழகினோம். மலசலகூடத்துக்கும் சமையல் இடத்துக்கும் நடுவே அவை போய்வந்தன. வயிற்றோட்டமும் செங்கண்மாரியும் கூடவே வந்தன. இலையான் கடித்து நோய் தருவதில்லை. அது தன் கால்களிலும் வாயிலும் ஒட்டியதைச் சுமந்து வந்து நம் உணவில் வைத்துவிட்டுப் போகிறது. திண்ம உணவை அதனால் மெல்ல முடியாது. முதலில் எச்சிலை உமிழ்ந்து கரைத்த பிறகே உறிஞ்சும். அந்த எச்சிலோடு முன்பு குடித்ததும் வெளியே வரும். முகாமில் இருந்தபோது இதை அறிந்திருந்தால் சாப்பிட்டிருக்கவே மாட்டேன் என்று நினைக்கிறேன். அறியாமல் இருந்ததும் ஒருவகையில் நல்லதுதான்.

அதற்கு முன்பு மலேரியா. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு நடுக்கமும் குயினைன் கைப்பும் தெரியாமல் இருக்காது. இந்த நாட்டில் 1934, 35 ஆம் ஆண்டுகளில் மலேரியா சுமார் 80,000 பேரைக் கொன்றது. 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர்தான் என்ற நிலைக்கு இறங்கியது. ஒழிந்துவிட்டது என்று கை ஓய்ந்த சில ஆண்டுகளுக்குள் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. 1999 இலும் இரண்டரை இலட்சத்துக்கு மேல். அந்தப் பாரத்தின் பெரும்பங்கைச் சுமந்தது போர் நடந்த வடக்கும் கிழக்கும்தான். ஆயினும் போர் நடந்தபோதே மருந்தூட்டிய வலைகள் வந்தன, இரத்தம் சோதிக்கும் நடமாடும் குழுக்கள் வந்தன. நாட்டுக்குள்ளேயே சுற்றிவந்த மலேரியாவின் கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பர் 5 ஆம் திகதி இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. அதே ஆண்டில் யானைக்கால் நோயும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. வெள்ளவத்தையில் கால்வாய்க்கு அருகே இருக்கும் பழைய ஆட்களுக்கு இந்த நோயின் அருமை தெரியும். அதைப் பரப்புவது அழுக்கு நீரில் முட்டையிடும் நுளம்பு.

இவை எல்லாம் பெரிய வெற்றிகள். சுவரொட்டியோ ஊர்வலமோ இல்லாமல் நடந்த வெற்றிகள் என்பதால் நம்மில் பலருக்குத் தெரியாது.

மலேரியாச் சான்றிதழ் கிடைத்து ஒரு வருடம் ஆகுமுன் டெங்கு வந்து எல்லோர் வாயையும் அடைத்தது. 2017 இல் நாடு முழுவதும் பதிவான டெங்கு நோயாளர் 186,101 பேர். நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மற்ற எந்த மாகாணத்தையும் விடக் கூடுதலானோர் மேல் மாகாணத்தவர். மே மாதம் வெள்ளம். அதற்கு முன்பு ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்தபின் கொழும்பின் குப்பையைக் கொட்ட இடமில்லாமல் தெரு முனைகளில் தேங்கிக் கிடந்தது. ஒரு சிரட்டை, ஒரு தயிர்ச்சட்டி, ஒரு யோகட் கோப்பை போதும், டெங்கு நுளம்புக்கு அது குளம்.

தையல் அக்காவின் அறைக்கு நான் போனது அந்த நாட்களில். பத்தடிக்குப் பத்தடி அறை. ஒரு தையல் மெசின், ஒரு கட்டில், சுவர் ஓரமாகப் பாத்திரங்கள். இரண்டு பிளாஸ்ரிக் பரல்கள், வாளிகள், குடங்கள், ஐந்து லீற்றர்க் கலன்கள், கட்டிலுக்குக் கீழேயும் ஒரு பேசின். பதினான்கு எண்ணினேன். எல்லாவற்றிலும் தண்ணீர். அந்த வளவில் இருபது குடும்பங்களுக்கு ஒரு பொதுக்குழாய். விடியற்காலை நாலு மணிக்கு நல்ல வேகத்தோடு வரும். பிறகு நூல் போல வழியும். அதற்காக ஒரு தாய்க்கும் மகனுக்கும் பதினான்கு பாத்திரமா?

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இரண்டு நாள் முன்புதான் வந்து போயிருந்தார். ஒரு பரலில் குடம்பிகளைக் கண்டு, ஏழு நாள் தவணை சொல்லி, அடுத்த முறை கண்டால் வழக்கு என்று எழுதிக் கொடுத்திருந்தார். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம் 2007 இலேயே வந்துவிட்டது. அவர் தன் கடமையைச் செய்தார்.

நானும் என் கடமையைச் செய்தேன் என்றுதான் அன்று நினைத்தேன். "ஏன் அக்கா இவ்வளவு தண்ணீர்? கொட்டிவிடுங்கோ. பிள்ளை இருக்கிற வீடு அல்லவா?" என்று கேட்டேன். துண்டுப்பிரசுரத்தில் இருந்த படத்தைக் காட்டினேன். ஒரு பெண் வாளியைக் கவிழ்க்கிற படம்.

அக்கா படத்தைப் பார்த்தார். "தண்ணியை ஊத்தச் சொல்லாதேங்கோ தங்கச்சி. வேற என்ன வேணுமெண்டாலும் செய்யிறன்" என்றார். அவ்வளவுதான். மெசினுக்குத் திரும்பிவிட்டார்.

படிவத்தின் கடைசி நிரலில் நான் எழுதியது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. 'விழிப்புணர்வு போதாது. ஒத்துழைப்புக் குறைவு.'

இரண்டு கிழமை கழித்துப் பொடியனுக்குக் காய்ச்சல். பனடோல் கொடுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். இரத்தப் பரிசோதனையில் டெங்கு. வைத்தியசாலைக்கு நானும் கூடப் போனேன். அந்த மாதத்தில் எந்த வைத்தியசாலையானாலும் ஒரே காட்சிதான். ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள், இடைவெளியில் பாய்கள், ஓய்வில்லாத தாதியர்.

அங்கே நான் கற்றதை இந்த இடத்தில் எழுதத்தான் வேண்டும். டெங்குக் காய்ச்சல் விடுகிற நேரமே ஆபத்தான நேரம். உடம்பு குளிர்ந்துவிட்டது, பிள்ளை தேறிவிட்டது என்று நாம் நிம்மதிப்படும்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். ஓரிரண்டு நாள் அப்படி இருக்கும். வயிற்று வலி, ஓயாத வாந்தி, சோர்ந்து படுத்தல், கைகால் குளிர்தல், சலம் குறைதல், எங்காவது இரத்தம் கசிதல், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நேரம் இரவா பகலா என்று பார்க்கக்கூடாது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர வேறு மாத்திரை வேண்டாம். அஸ்பிரின், புரூபன், டைக்குளோபினக் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டும். குடிக்கக் கொடுப்பதில் சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிர்க்க வேண்டும். வாந்தி எடுத்தால் இரத்தமா பானமா என்று வைத்தியருக்குக் குழப்பம் வரும்.

விடுதியில் அக்காவின் கையில் ஓர் அளவுக் கோப்பையும் ஒரு தாளும் கொடுத்தார்கள். பிள்ளை குடிப்பது எத்தனை மில்லிலீற்றர், கழிக்கும் சலம் எத்தனை மில்லிலீற்றர், எத்தனை மணிக்கு, எல்லாம் எழுத வேண்டும். கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. இரவு பதினொரு மணி இருக்கும். பொடியன் தண்ணீர் கேட்டான். அக்கா கோப்பையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் கோடு பார்த்து ஊற்றினார். ஒரு துளி கூட வெளியே போகவில்லை. அந்தக் கை அளந்து பழகிய கை என்று எனக்குத் தோன்றியது.

"அப்ப மூடியால அளந்தனான்" என்றார், நான் கேட்காமலே. "போத்தல் மூடி. முள்ளிவாய்க்கால்ல பங்கருக்குள்ள. இவனுக்கு மூண்டு வயசு. ஒரு போத்தல் தண்ணிக்கு இவன்ர அப்பா போனவர். கிணத்தடியில சனம் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். அவர் திரும்பி வரேல்ல. இருந்த தண்ணியை மூடி மூடியா ரெண்டு நாள் குடுத்தனான்."

சற்று நேரம் பொறுத்து, "இப்ப நான் சேர்த்து வைச்ச தண்ணியே பிள்ளையைக் கடிச்சுப்போட்டுது" என்றார்.

நான் கொடுத்த துண்டுப்பிரசுரமும் எழுதிய படிவமும் இந்த எண்ணத்தை அவர் மனதில் விதைத்தன என்பதை நான் எங்கே போய்ச் சொல்வது? டெங்கு நுளம்பு கடிப்பது பகலில். காலையிலும் பொழுது சாயும் முன்னும் கூடுதலாக. அந்த நேரத்தில் பிள்ளை பாடசாலையில் இருப்பான், வழியில் இருப்பான், கட்டட வேலை நடக்கும் பக்கத்து வளவில் பந்து விளையாடுவான். எந்தத் தண்ணீரில் பிறந்த நுளம்பு அவனைக் கடித்தது என்று ஆராலும் சொல்ல முடியாது. அதை அந்த இரவில் சொன்னேன். அவர் நம்பினாரோ தெரியாது. நானும் இன்னொன்றைச் சொல்லவில்லை, படிவத்தில் எழுதியதை. அதைச் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு வருடம் பிடித்தது.

காலையில் வெள்ளவத்தைக்கு வந்தேன். நானும் அம்மாவும் கால்வாய்ப் பக்கமாக ஒரு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். அம்மா வவுனியாவில் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு கிழமைக்கு மேல். வீட்டில் அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீர் இருக்கும். அப்பா போனதும் 2009 இல்தான். அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செம்பை விளக்கித் தண்ணீரை மாற்றுவார். அவர் இல்லாதபோது அது என் பொறுப்பு. நான் அந்த இரண்டு கிழமையும் ஊர் வீட்டுத் தண்ணீரையெல்லாம் எண்ணிக்கொண்டு திரிந்தேன்.

செம்புக்குள் பார்த்தேன். ஆறு குடம்பிகள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வால்பக்கக் குழாயால் மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுத் துள்ளித் துள்ளிக் கீழே போயின. முட்டையிலிருந்து சிறகு முளைப்பது வரை ஏழு முதல் பத்து நாள் போதும். இரண்டு கிழமையில் அந்தச் செம்பிலிருந்து ஏற்கனவே எத்தனை பறந்து போயினவோ. பரிசோதகர் எங்கள் மாடிக்கு வரவில்லை. வந்திருந்தால் என் பெயருக்கு நேரேயும் யாராவது 'விழிப்புணர்வு போதாது' என்று எழுதியிருப்பார்கள்.

கொட்டினேன். கொட்டும்போது எனக்குக் கை கூசியது. அது வெறும் தண்ணீர் என்று மனதுக்குச் சொன்னேன். மனம் கேட்கவில்லை. அக்கா படத்தைப் பார்த்துவிட்டு ஏன் பேசாமல் மெசினுக்குத் திரும்பினார் என்பது அப்போதுதான் விளங்கியது.

பொடியன் எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தான். அதற்குப் பிறகு அக்காவிடம் கொட்டச் சொல்லி நான் பேசவில்லை. டெங்கு நுளம்பு எங்கே முட்டையிடுகிறது என்று மட்டும் சொன்னேன். தண்ணீருக்குள் அல்ல, தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில். கறுப்பு மணல் போல ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி நீர் நிரம்பும்போது பொரிக்கும். ஆகவே துண்டுப்பிரசுரப் படத்தில் உள்ளதுபோல் கவிழ்த்தால் மாத்திரம் போதாது, கிழமைக்கு ஒருமுறை உட்சுவரைத் தும்பால் உரஞ்ச வேண்டும். பெண் நுளம்பு உள்ளே போக வழியில்லாவிட்டால் தண்ணீர் இருந்தும் அதற்குப் பயனில்லை. இரத்தம் குடிப்பதும் பெண் நுளம்பு மாத்திரம்தான். முட்டைக்காகக் குடிக்கிறது. ஆண் நுளம்புக்குப் பூந்தேன் போதும்.

"அதுவும் பிள்ளைக்காகத்தான்" என்றார் அக்கா. சிரித்தாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை.

அடுத்த முறை நான் போனபோது பதினான்கு பாத்திரங்களுக்கும் மூடி இருந்தது. பழைய நுளம்பு வலையை வட்டமாக வெட்டி, ஓரத்தை மடித்து இலாஸ்ரிக் கோத்துத் தைத்திருந்தார். பரலுக்குப் பெரியது, குடத்துக்குச் சின்னது. மேலே ஒரு காது விட்டிருந்தார், பிடித்துக் கழற்ற. வலை தொய்ந்து தண்ணீரில் பட்டால் அதன் மேலேயே முட்டை இட்டுவிடும் என்று நான் சொல்லியிருந்தேன். அதனால் இறுக்கமாகத் தைத்திருந்தார். பரிசோதகர் தவணைக்கு வந்து பார்த்து, ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, சிங்களத்தில் ஏதோ சொன்னாராம். என்ன சொன்னார் என்று கேட்டேன். "தன்ர வீட்டுக்கும் ரெண்டு வேணுமாம்" என்றார்.

நமது தையல் குழுவில் மற்றப் பெண்களும் பிறகு தைத்தார்கள். வெட்டுத் துண்டுகளில் செய்வதால் செலவு இலாஸ்ரிக் மட்டும். விரும்புவோருக்கு அளவு சொல்கிறேன். பாத்திரத்தின் வாயை விடச் சுற்றிலும் நாலு அங்குலம் கூட்டி வெட்டுங்கள். வலையின் கண் சாதாரண நுளம்பு வலையின் கண்ணை விடப் பெரிதாக இருக்கக்கூடாது. இலாஸ்ரிக் தளர்ந்தால் மாற்றிவிட வேண்டும். தளர்ந்த மூடி மூடாததற்குச் சமம்.

அந்தக் குழுக் கூட்டம் ஒன்றில்தான் என்னுடைய பேச்சை எடுத்தேன். இருசிறகிகளைப் பற்றிச் சொன்னேன். பின்சிறகு குமிழான கதையையும், குமிழ் இல்லாவிட்டால் பூச்சி விழுந்துவிடும் என்பதையும் சொன்னேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். பிறகு, "நாங்களும் இழந்ததை வைத்தே..." என்று தொடங்கினேன்.

முன்வரிசையில் கிளிநொச்சி ஆச்சி ஒருவர் கையை உயர்த்தினார். இரண்டு மகன்களைத் தேடிக்கொண்டிருந்தவர். "பிள்ளை, அது நல்ல கதை. ஆனா அந்தப் பூச்சியின்ர செட்டையை ஒருத்தரும் புடுங்கேல்லயே. அது அப்பிடித்தானே பிறக்குது" என்றார்.

நான் தாளை மடித்து வைத்துக்கொண்டேன். ஆச்சி சொன்னது விஞ்ஞானப்படியும் சரி. மிச்ச நேரம் முழுவதும் டெங்குக் காய்ச்சலின் மூன்றாம் நாள் பற்றிப் பேசினோம். கேள்விகள் நிறைய வந்தன.

இன்னொரு செய்தியையும் வடக்கில் இருக்கும் சகோதரிகள் அறிந்திருப்பது நல்லது. 2016 டிசெம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டிபென்சி என்ற நுளம்பு முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இனம் அது. பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். வன்னியில் நாம் அறிந்த மலேரியா நுளம்பு ஆற்று மணல் குழியிலும் தேங்கிய ஓடையிலும் பெருகியது. இது கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகும். கிணற்றில் மீன் விடுவது, வலை போடுவது, தாங்கியின் மூடியைச் சரியாகப் பொருத்துவது எல்லாம் இதனால் வந்த வேலைகள். மலேரியா இப்போதும் வெளிநாடு போய்வருகிறவர்களின் இரத்தத்தில் இந்த நாட்டுக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. மலேரியா உள்ள நாட்டிலிருந்து திரும்பியவருக்குக் காய்ச்சல் என்றால், எங்கே போய் வந்தார் என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இரத்தத்தில் மலேரியா பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அம்மா வவுனியாவால் வந்ததும் செம்புக் கதையைச் சொன்னேன். கோபிப்பார் என்று பயந்தேன். "தண்ணி வைக்காமல் விடேலாது பிள்ளை" என்றார். பிறகு அவரே ஒரு வழி கண்டார். விடியற்காலையில் வைத்துவிட்டு விளக்கு வைக்கும் நேரத்தில் எடுத்து யன்னலோரத்துத் துளசிக்கு ஊற்றிவிடுவார். இப்போதும் அப்படித்தான்.

தையல் அக்காவிடம் படிவத்தில் எழுதியதைச் சொன்னது 2019 இல். அந்த வருடமும் டெங்கு ஒரு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. மறுபடி அதே படிவங்களோடு அதே வளவுக்குப் போனேன். சொன்னேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "இந்த முறை என்ன எழுதப் போறியள்?" என்று கேட்டார். தாளை அவரிடமே கொடுத்தேன். கடைசி நிரலில் அவர் தன் கையால் எழுதினார்: 'குழாயில் தண்ணி பகலிலும் வரவேண்டும்.' அதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்காமல் ஒப்படைத்தேன்.

சென்ற மாதம் அவருடைய அறைக்குப் போயிருந்தேன். பொடியன் உயர்தரம் எழுதிவிட்டான். உயிரியல் பிரிவு. நுளம்பு ஒட்டிய கொப்பி இப்போதும் அவனிடம் இருக்கிறது. வளவுக்கு இரண்டாவது குழாய் வந்திருக்கிறது, தண்ணீர் முன்னைவிடப் பரவாயில்லை. பழக்கத்தில் நான் சுவர் ஓரத்தை எண்ணினேன். ஒன்பது. பதினான்கிலிருந்து ஒன்பது. எல்லாவற்றுக்கும் வலை மூடி, ஒன்றில் இலாஸ்ரிக் கொஞ்சம் தளர்ந்திருந்தது. காட்டினேன். "தெரியும், நாளைக்கு மாத்திறன்" என்று சொல்லிக்கொண்டே அதைத் தள்ளி வைத்துவிட்டு, வேறொரு குடத்தைத் திறந்து எனக்குத் தேத்தண்ணீருக்கு நீர் எடுத்தார்.